நரம்புறைக் கட்டிகள் புற்றாக மாறுவதை மருத்துவம் அறிந்த வரலாறு

தசை, கொழுப்பு, நரம்புறை, இரத்தக் குழாய் முதலிய மென்திசுக்களில் தோன்றும் புற்று மென்திசுச் சார்கோமா எனப்படுகிறது. பெரியவர்களைத் தாக்கும் புற்றுநோய்களில் இதன் பங்கு நூற்றில் ஒன்று என்ற அளவே ஆகும். இத்தகைய அரிய நோயை ஒரு சிற்றூரின் மருத்துவர் தம் வாழ்நாளில் ஓரிரு முறை பார்ப்பதே அரிது என்பதால், சிதறிக் கிடந்த நோயாளிகளும் அவர்களிடமிருந்து எடுத்த திசுக்களும் ஓரிடத்தில் சேர்ந்த பிறகுதான் அதைப் பற்றிய அறிவு வளர்ந்தது. காவிரிக்கரையில் உள்ள மோகனூரிலிருந்து நோக்கினால் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படும்.

1997-இல் நாமக்கல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை மோகனூர் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சென்னைப் பொது மருத்துவமனை வளாகத்தில் 1934-இல் பெர்னார்டு கதிரியல் நிலையம் திறக்கப்பட்ட போதும், முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளுடன் தொடங்கிய போதும், இவ்வூரார் சிகிச்சைக்காகச் சேலம் வழியாகவோ கரூர் வழியாகவோ தலைநகருக்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தது. மருத்துவர்கள் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வி. சாந்தாவும் அடையாற்றில் வளர்த்த பணி, ஏழை நோயாளிகளுக்குக் கதவு திறந்ததோடு, நோயாளியைப் பதிவு செய்து தொடர்ந்து கவனிக்கும் ஒழுங்கையும் தமிழகத்தில் நிலைநாட்டியது. 1980-களில் தொடங்கிய சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு அந்த ஒழுங்கின் பயன்; அரிய கட்டிகளைப் பொறுத்தவரை இத்தகைய பதிவேடு கதிர்வீச்சுக் கருவிக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

தீங்கற்ற கட்டி எவ்வாறு கொடியதாகிறது என்ற கேள்விக்கு மிகத் தெளிவான விடை நரம்பு நார்க்கட்டி நோயிலிருந்தே கிடைத்தது. தோலில் பால்காப்பி நிறப் புள்ளிகளும் மென்மையான கட்டிகளும் தோன்றும் இந்நோயில், கட்டிகள் நரம்போடு தொடர்புடையவை என்பதை ஜெர்மானிய நோயியலாளர் ஃபிரெடரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசன் 1882-இல் விளக்கினார். சுமார் மூவாயிரம் பேரில் ஒருவருக்கு வரும் இந்நோய், ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே தோன்றுகிறது. ஆகவே குடும்பத்தில் எவருக்கும் இல்லை என்று கூறி இதைத் தள்ளிவிட முடியாது.

ஒரு மரபணுவின் இரு படிகளும் கெட்டால்தான் சில புற்றுகள் எழுகின்றன என்ற கருத்தை ஆல்ஃபிரெட் நட்சன் 1971-இல் விழித்திரைப் புற்றை ஆராய்ந்து முன்வைத்தார். 1990-இல் பதினேழாம் குரோமோசோமில் என்.எஃப்.1 மரபணு கண்டறியப்பட்டதும் அக்கருத்து இந்நோய்க்கும் பொருந்துவது தெரிந்தது. உயிரணுவை வளரத் தூண்டும் ராஸ் என்ற சமிக்ஞைப் புரதத்தை அடக்கும் நியூரோஃபைப்ரோமின் இம்மரபணுவால் உருவாகிறது. நரம்பைச் சூழ்ந்த ஷ்வான் உயிரணு ஒன்றில் எஞ்சிய நல்ல படியும் அழியும்போது கட்டி தொடங்குகிறது. எனினும் இவ்விழப்பு மட்டும் புற்றை உண்டாக்குவதில்லை. ஒன்பதாம் குரோமோசோமில் உள்ள, உயிரணுப் பிரிவைக் கட்டுப்படுத்தும் சி.டி.கே.என்.2.ஏ மரபணுவும் இழக்கப்பட்டால் கட்டி இடைநிலை இயல்பைப் பெறுகிறது. அதன் பின்னர், எந்த மரபணுக்கள் ஒடுங்கியிருக்க வேண்டும் என்பதைக் காக்கும் புரதத் தொகுதியின் உறுப்புகளான எஸ்.யூ.இசட்.12 அல்லது ஈ.ஈ.டி. கெடுவது பல கட்டிகளைக் கொடிய நரம்புறைப் புற்றாக்குகிறது என்பதை 2014-இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. எஸ்.யூ.இசட்.12 மரபணு என்.எஃப்.1-க்கு அருகிலேயே அமைந்திருப்பதால், அப்பகுதி முழுவதையும் பிறவியிலேயே இழந்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருப்பதன் காரணமும் விளங்குகிறது. இக்கேட்டின் அடையாளத்தைத் திசுத் துண்டின் நிறமேற்றச் சோதனையிலேயே இன்று காண இயல்வது நோயியலாளருக்குப் பெரிய துணை.

இந்நோய் உள்ளவர்களுள் வாழ்நாளில் எட்டு முதல் பதின்மூன்று விழுக்காட்டினருக்கே இப்புற்று வருகிறது. ஆகவே கட்டியைக் கண்டவுடன் அஞ்சுவது தேவையற்றது. 2022-இல் நாமக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி அமைந்துவிட்டதால், முதல் பரிசோதனைக்குச் சென்னைப் பயணம் வேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்த கட்டி விரைந்து பெருத்தாலோ, கெட்டியானாலோ, ஓயாத வலியைத் தந்தாலோ, அதற்குரிய உறுப்பு வலுவிழந்தாலோ, மோகனூர் வட்டாரத்தார் காலந்தாழ்த்தாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். அறுவையில் எடுத்த திசுவை நோயியல் ஆய்வுக்கு அனுப்பும்படியும் கேட்டுக்கொள்ள வேண்டும்.