விக்டோரியக் காலக் கடைவீடு

விக்டோரியக் காலக் கடைவீடு என்பது, தரைத்தளத்தில் கடையும் மேல்தளங்களில் குடியிருப்பும் அமைய, விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901) பிரித்தானிய நகரங்களின் முதன்மைத் தெருக்களில் பெருமளவில் எழுந்த கட்டட வகையாகும். வணிகர் தம் கடைக்கு மேலேயே குடியிருப்பது இடைக்காலம் முதலே இருந்துவந்த வழக்கம் எனினும், கண்ணாடியும் வார்ப்பிரும்பும் மலிந்த இக்காலத்தில்தான் கடைத்தளமும் வீட்டுத்தளமும் கட்டுமான முறையிலேயே வேறுபட்ட இரு பகுதிகளாயின. இவ்வகைக் கட்டடங்கள் பல இன்று சட்டப் பாதுகாப்பில் உள்ளன.

கட்டுமானம்

18-ஆம் நூற்றாண்டுக் கடைச் சன்னல்களில், ஊதிச் சுழற்றித் தட்டாக விரித்த கண்ணாடியிலிருந்து அறுத்தெடுத்த சிறு துண்டுகளே மரச்சட்டங்களுக்கிடையில் பொருத்தப்பட்டன. கண்ணாடி மீதான தீர்வை 1845-இல் நீக்கப்பட்டதையடுத்து, உருக்கிய குழம்பை மேசைமேல் வார்த்து இருபுறமும் தேய்த்து மெருகேற்றிய தகட்டுக் கண்ணாடி விலை குறைந்து, முகப்பின் அகலத்தைச் சில பெரிய தகடுகளாலேயே நிரப்ப முடிந்தது. அதனால் மேல்தளச் சுவரைத் தாங்கக் கீழே சுவரில்லாது போகவே, அச்சுமையை மரத்தாலோ இரும்பாலோ ஆன நீண்ட உத்திரம் ஒன்று ஏற்றுப் பக்கச் சுவர்களுக்கும் மெல்லிய வார்ப்பிரும்புத் தூண்களுக்கும் கடத்தியது. இவ்வுத்திரம் பெயர்ப்பட்டைக்குப் பின்னே மறைந்திருப்பதால், செங்கற்சுவர் கண்ணாடியின்மீதே நிற்பதாகத் தோன்றும். இத்தோற்றத்தை அக்காலக் கட்டடக் கலைஞர் சிலர் குறைகூறியதுண்டு.

கடை முகப்பு

முகப்பின் அடியில், தெருச் சேறும் நீரும் சன்னலில் தெறிக்காதபடி காக்கும் குட்டைச் சுவர் அமைந்தது. அது மரப்பலகை, ஓடு, கல் ஆகியவற்றுள் ஒன்றால் போர்த்தப்பட்டது. இரு ஓரங்களிலும், சுவரோடு ஒட்டிச் சிறிதே புடைத்து நிற்கும் அரைத்தூண்கள் அடுத்தடுத்த கடைகளின் எல்லையைக் காட்டின. அவற்றின் தலையில் செதுக்கு வேலைப்பாடு மிக்க போதிகைகளும், போதிகைகளுக்கிடையே வணிகரின் பெயர் எழுதிய பட்டையும், அதன்மேல் மழைநீரை முன்தள்ளி விழச்செய்யும் கொடுங்கையும் இடம்பெற்றன. வாயிற்கதவு பெரும்பாலும் தெருவிளிம்பிலிருந்து சற்று உள்வாங்கி அமைந்ததால், பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் கண்ணாடிப் பரப்பு கூடியதோடு, வாடிக்கையாளர் மழைக்கு ஒதுங்கி நின்று அவற்றைப் பார்க்கவும் இடம் கிடைத்தது. இவ்வாயில் தளத்தில் வண்ண ஓடுகளையோ சிறுகற்களையோ பதிப்பது வழக்கமாயிற்று.

குடியிருப்பு

முகப்பின் ஓரத்தில் அமைந்த தனிக்கதவும் அதையொட்டிய படிக்கட்டும், கடைக்குள் நுழையாமலேயே வீட்டார் மேலேற உதவின. முதல் தளத்தில் வரவேற்பறை, அதற்கு மேல் படுக்கையறைகள், கூரையடி அறைகளில் பணியாளர் என்ற வரிசை பொதுவானது. மேலே செல்லச் செல்லச் சன்னல்களின் உயரமும் சுதை அணிகளும் குறைவது இவ்வரிசையைத் தெருவிலிருந்தே உணர்த்தும். கடை உதவியாளரும் தொழில் பழகுவோரும் அங்கேயே தங்கி உண்ணும் முறையும் பரவலாக இருந்தது.

எடுத்துக்காட்டுகள்

1830-இல் தொடங்கப்பட்ட ஜேம்ஸ் ஸ்மித் அண்ட் சன்ஸ் என்னும் குடை, கைத்தடி நிறுவனம் 1857 முதல் இயங்கிவரும் லண்டன் நியூ ஆக்ஸ்ஃபோர்டு தெருக் கடையில், கண்ணாடியில் எழுதிய விளம்பரங்களும் மரப்பேழைகளும் அழியாமல் உள்ளன. நூற்றாண்டின் இறுதியில் முதலாம் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகனின் நிலத்தில் மறுபடி கட்டப்பட்ட மவுண்ட் தெருவில், செங்கல்லாலும் சுடுமண் அணிகளாலும் ஆன முகப்புகளுக்குப் பின்னே, கடைகளின்மேல் வாடகைக் குடியிருப்புகள் அமைந்தன. அதே கோமகனுக்காகக் கட்டடக் கலைஞர் டி. எம். லாக்வுட் 1888-இல் செஸ்டர் நகரில் எழுப்பிய மூலைக் கட்டடம், கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைப் பூச்சுமாகப் பழைய ஆங்கில வீட்டு வடிவை மீட்டது.

பாதுகாப்பு

1947-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்க வழிசெய்தது. எனினும் விக்டோரியக் காலக் கலையை மதிக்கும் போக்கு மெல்லவே வளர, அதற்கெனவே விக்டோரியன் சொசைட்டி 1958-இல் தோன்றியது. இங்கிலாந்தில் இப்போது நடைமுறையிலுள்ள 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பட்டியலிடப்பட்ட கட்டடமெனில், முகப்பு மட்டுமன்றி உள்ளறைகளும் படிக்கட்டும் சேர்ந்த முழுக்கட்டடமும் பொதுவாகப் பாதுகாப்புக்குரியது. அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்துக்கு முன்னிசைவு பெற வேண்டும். கடையை அகலப்படுத்தத் தனிக்கதவையும் படிக்கட்டையும் அகற்றிய இடங்களில், செல்லும் வழியற்ற மேல்தளங்கள் ஆளின்றிப் பாழாவதால், அழகிய முகப்புக்கு இணையாக எளிய ஓரக்கதவும் இவ்வகைக் கட்டடத்தின் இன்றியமையா உறுப்பாகக் கருதப்படுகிறது.