தாய்மையின் சமூகமயமாக்கம்: ஆர்ஜென்டீனாவின் மே சதுக்கத்து அன்னையரும் பாட்டிமாரும்

தாய்மையைப் போற்றாத சமூகம் இல்லை எனலாம். ஆயின் அப்போற்றுதலின் தன்மை காலத்துக்குக் காலம் வேறுபட்டே வந்துள்ளது. வீரயுக விழுமியங்களைப் பாடிய புறநானூறு, களத்தில் மடிந்த மகனைக் கண்டு பெருமிதங் கொள்ளும் மறக்குடித் தாயை நமக்குக் காட்டுகின்றது. முதலாளித்துவச் சந்தையோ, ஆண்டுக்கொரு நாள் வாழ்த்து மடலும் பூங்கொத்தும் பெறும் தாயை உருவாக்கியுள்ளது. முன்னவள் அரசனுக்குப் படைவீரனை அளிப்பவள். பின்னவள் இல்லத்தின் எல்லைக்குள் அன்பைச் சொரிபவள். இரு படிமங்களும் அவ்வச் சமூக அமைப்பின் தேவைக்கேற்ப வரையப்பட்டவையே. தாய்மார் தாமே தாய்மைக்குப் புதிய பொருளை வழங்க முற்படும்போது யாது நிகழ்கின்றது என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் வினாவாகும். இதற்கு ஆர்ஜென்டீனாவின் அண்மைக்கால வரலாறு தக்க சான்றாக அமைகின்றது.

1976 மார்ச் 24 ஆம் திகதி அந்நாட்டில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. தொழிற்சங்கவாதிகள், மாணவர், எழுத்தாளர், இடதுசாரிகள் எனப் பல்லாயிரவர் கடத்தப்பட்டு இரகசியத் தடுப்பு முகாம்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் கைதானமைக்கோ இறந்தமைக்கோ அரசிடம் பதிவு எதுவும் இருக்கவில்லை. 1984 இல் வெளியான அரச ஆணைக்குழுவின் அறிக்கை 8,961 பேரின் விபரங்களைப் பதிவு செய்தது. மனித உரிமை இயக்கங்கள் 30,000 என்ற தொகையையே வலியுறுத்தி வருகின்றன. இவ்வாட்சியாளர் தம்மைக் கிறித்தவ நாகரிகத்தினதும் குடும்பத்தினதும் காவலர் எனக் கூறிக்கொண்டவர்கள் என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. குடும்பத்தின் புனிதத்தை உரைத்த அரசே குடும்பங்களைச் சிதைத்தது. இம்முரண்பாட்டின் நடுவிலிருந்தே அன்னையர் இயக்கம் பிறந்தது.

1977 ஏப்ரல் 30 ஆம் திகதி, தலைநகர் புவனஸ் அயர்ஸில் அரசாங்க மாளிகைக்கு முன்னாலுள்ள மே சதுக்கத்தில் 14 பெண்கள் கூடினர். அவர்களை ஒன்றுதிரட்டியவர் அசுசேனா வில்லாஃபிளோர். முற்றுகை நிலைச் சட்டத்தின் கீழ்க் கூட்டமாக நிற்பது தடைசெய்யப்பட்டிருந்தது. நில்லாது நடக்குமாறு பொலிசார் கட்டளையிட, அவர்கள் சதுக்கத்தைச் சுற்றி நடக்கலாயினர். தடைச் சட்டமே அவர்தம் போராட்ட வடிவத்தைத் தீர்மானித்தது. வியாழக்கிழமைதோறும் நிகழ்ந்த அந்நடையைக் கண்ட ஆட்சியாளர் அவர்களைப் பைத்தியக்காரிகள் என்று இழித்துரைத்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் லுஹான் மாதா யாத்திரையிற் கலந்துகொண்டபோது, ஒருவரையொருவர் இனங்காண்பதற்காகக் குழந்தைக்குக் கட்டும் வெள்ளைத் துணியைத் தலையில் அணிந்தனர். பின்னர் அதுவே வெள்ளைத் தலைத்துணியாக நிலைபெற்று உலகறிந்த சின்னமாயிற்று. வீட்டின் அந்தரங்கத்துக்குரிய பொருளொன்று பொதுவெளியின் அரசியற் கொடியாக மாறிய இந்நிகழ்வு, கலை வரலாற்றிலும் இடம்பெற வேண்டியதொன்றாகும்.

தன் மகனைத் தேடும் தாய், எல்லோருடைய மக்களையும் தேடும் தாயாக மாறுவதே இவ்வியக்கத்தின் திருப்புமுனை. எஸ்தர் பல்லெஸ்திரீனோ என்ற பராகுவே நாட்டவரின் செயல் இதனைத் தெளிவாக்கும். உயிரியல் இரசாயன அறிஞரான அவருடைய கர்ப்பிணி மகள் 1977 இற் கடத்தப்பட்டுச் சில மாதங்களின் பின் விடுவிக்கப்பட்டாள். மகள் மீண்டபின் அவர் சதுக்கத்துக்கு வரவேண்டிய தேவை இருக்கவில்லை. எனினும் ஏனையோரின் பிள்ளைகளுக்காக அவர் திரும்பி வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அசுசேனா, எஸ்தர் உட்பட மூன்று அன்னையர் கடத்திக் கொல்லப்பட்டனர். கடலோரத்தில் ஒதுங்கிப் பெயரின்றிப் புதைக்கப்பட்ட அவர்தம் எச்சங்கள் 2005 இலேயே தடயவியல் மானிடவியலாளரால் அடையாளங் காணப்பட்டன. இயக்கத்தின் ஒரு பிரிவினர் பிற்காலத்தில் தலைத்துணிகளில் தத்தம் பிள்ளைகளின் பெயர்களைப் பொறிப்பதைக் கைவிட்டு, காணாமலாக்கப்பட்ட அனைவரும் தம் மக்களே என அறிவித்தனர். தாய்மையைச் சமூகமயமாக்குதல் என அவர்களே இதனைக் குறிப்பிட்டனர். தனியுடைமைச் சமூகத்தில் 'என் பிள்ளை' என்ற எல்லைக்குள் அடங்கியிருந்த உறவு கூட்டுப் பொறுப்பாக விரிந்ததை இத்தொடர் உணர்த்துகின்றது.

இவ்விரிவுக்குக் கலை ஆற்றிய பணி கணிசமானது. 1983 செப்டெம்பர் 21 ஆம் திகதி நடைபெற்ற எதிர்ப்பு ஊர்வலத்தின்போது, அகெர்ரெபெர்ரி, ஃபுளோரெஸ், கெக்செல் ஆகிய மூன்று ஓவியர்கள் முன்வைத்த திட்டம் மக்களாற் செயல்வடிவம் பெற்றது. பொதுமக்கள் தாள்களின்மீது படுத்துக்கொள்ள, அவர்தம் உடலின் புறக்கோடுகள் ஆளளவில் வரையப்பட்டு நகரச் சுவர்களில் ஒட்டப்பட்டன. உயிரோடிருப்பவர், இல்லாதவருக்குத் தம் உடலை இரவல் கொடுத்தனர் எனலாம். அவ்வுருவங்களை நிலத்தில் ஒட்டினால் அவை பிணங்களைக் குறிக்கும் என்பதால், நிமிர்ந்து நிற்பனவாகவே அவை அமைய வேண்டுமென அன்னையர் வற்புறுத்தினர். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் இடம்பெற வேண்டுமென்ற கோரிக்கையும் எழுந்தது. ஓவியர் ஒருவர் தம் வயிற்றில் தலையணை வைத்துக் கர்ப்பிணியின் உருவத்துக்கு மாதிரியானார். படைப்பாளி, சுவைஞன் என்ற பிரிவினை இங்கு தகர்ந்தது. கலையின் உள்ளடக்கத்தையும் வடிவத்தையும் தீர்மானிப்பதில் அன்னையர் பங்குகொண்டமையே இந்நிகழ்வின் சிறப்பு.

அன்னையருள் ஒரு சாரார்க்கு இரட்டைத் தேடல் இருந்தது. தடுப்பு முகாம்களிற் பிறந்த குழந்தைகளும் பெற்றோருடன் கடத்தப்பட்ட சிறுவரும் இராணுவத்தினரிடமும் அவர்களைச் சார்ந்தோரிடமும் பொய்ப் பெயர்களில் வளர்ந்தனர். இத்தகையோர் ஏறத்தாழ 500 பேர் என மதிப்பிடப்படுகின்றது. 1977 இல் உருவான மே சதுக்கத்துப் பாட்டிமார் அமைப்பு இவர்களைத் தேடியது. பெற்றோர் கொல்லப்பட்டபின் பேரப்பிள்ளையின் அடையாளத்தை நிறுவுவது எவ்வாறு என்ற வினாவை அவர்கள் உலகின் அறிவியலாளர் முன் வைத்தனர். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேயர் கிங் முதலியோர் அதற்கு விடை தேடினர். தாய்வழியே மட்டும் கடத்தப்படும் இழைமணி மரபணு இதற்குப் பெருந்துணையாயிற்று. 1987 இற் சட்டத்தின் மூலம் தேசிய மரபணுத் தரவு வங்கி நிறுவப்பட்டது. தாம் இறந்தாலும் தம் குருதி சாட்சி சொல்லும் என்ற ஏற்பாட்டை அப்பாட்டிமார் செய்துவைத்தனர்.

ஆயினும் ஆய்வுகூடம் மட்டும் போதியதாகவில்லை. வளர்ந்துவிட்ட பேரப்பிள்ளைகள் தம் பிறப்புப் பற்றித் தாமே ஐயங்கொள்ள வேண்டியிருந்தது. 2000 ஆம் ஆண்டிலே தோன்றிய 'அடையாளத்துக்கான அரங்கு' என்ற நாடக இயக்கம் இப்பணியை மேற்கொண்டது. பார்வையாளருள் ஒருவர் தேடப்படும் பேரப்பிள்ளையாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே அந்நாடகங்களின் அடிப்படை. இன்றுவரை 130 இற்கு மேற்பட்டோர் அடையாளங் காணப்பட்டுள்ளனர். 1989 முதல் அமைப்பின் தலைவியாக விளங்கிய எஸ்தலா டி கார்லொத்தோ, 1978 இற் கொல்லப்பட்ட தம் மகளின் குழந்தையை 2014 இலேயே கண்டடைந்தார். இசைக்கலைஞரான அப்பேரன் தாமாகவே முன்வந்து பரிசோதனை செய்துகொண்டவர். கண்டறியப்பட்டோருள் 114 ஆவது ஆள். அமைப்பின் முன்னாள் தலைவி சிச்சா மரியானியோ, தம் பேத்தியைக் காணாமலே 2018 இல் மறைந்தார். இருவரும் அயலாரின் பேரப்பிள்ளைகளுக்காகப் பல்லாண்டுகள் உழைத்தவர்கள்.

இவ்வியக்கத்தை நாம் இலட்சியமயப்படுத்தி நோக்குதல் பொருந்தாது. 1986 இல் அன்னையர் அமைப்பு இரண்டாகப் பிளவுற்றது. புதைகுழிகளை அகழ்வதையும் நட்டஈட்டையும் ஏற்பதா என்ற வினாக்கள் அவர்களிடையே ஆழ்ந்த கருத்து முரண்பாட்டைத் தோற்றுவித்தன. அன்றியும், தாய் என்ற தகுதியின் பேரிலேயே பெண் அரசியலிற் பேச முடியும் எனின், தாயல்லாத பெண்ணின் குரலுக்கு இடம் யாது என்ற பெண்ணிலைவாதியரின் வினாவும் நியாயமானதே.

இவ்வினாக்கள் எமது நாட்டுக்கும் உரியவை. இளைஞர் பெருமளவிற் கைதுசெய்யப்பட்ட சூழலில் 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி தோன்றி, அரசாங்க அதிபர் பணிமனைக்கு ஊர்வலமாகச் சென்றது. இயக்கங்களின் மேலாதிக்கம் வலுப்பெற்றபோது அதன் சுயாதீனக் குரல் அடங்கியது. தெற்கில் 1990 இல் மாத்தறையில் தொடங்கிய அன்னையர் முன்னணி, எதிர்க்கட்சியின் ஆதரவுடன் பரவி, கட்சியின் தேவை தீர்ந்தபின் மங்கியது. தமிழ்த் தாயும் சிங்களத் தாயும் ஒரே வகையான அரச வன்முறைக்கு ஆளாகியும், இனவாத அரசியல் அவர்களை ஓரணியில் நிலைபெற விடவில்லை. தாய்மையின் சமூகமயமாக்கம் இன எல்லையிலே தடைப்பட்டது என்பதே எமது கணிப்பு.

2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தொடங்கி, வவுனியா, முல்லைத்தீவு முதலிய இடங்களுக்கும் பரவிய தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மார் பலர் விடையின்றியே மாண்டுவிட்டனர். 2025 இற் செம்மணியில் அகழப்பட்ட புதைகுழியிலிருந்து சிறுவர் உட்பட 200 இற்கு மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவற்றுக்குப் பெயர் வழங்க வல்ல குருதி, முதுமையுற்ற அத்தாய்மாரின் உடலில் ஓடுகின்றது. அதனை முறையாகப் பதிந்து பேணும் மரபணு வங்கி, இனபேதமின்றி அனைத்துத் தாய்மாருக்கும் உரியதாக நிறுவப்படுதல் வேண்டும். அக்கோரிக்கையை முன்னெடுப்பது அறிவியலாளர், கலைஞர், பல்கலைக்கழக மாணவர் ஆகியோரின் கூட்டுப் பொறுப்பாகும். தாயரைப் போற்றுவோர் செய்யத்தக்க முதற்பணி இதுவே. காலம் கடந்தபின் செய்ய முடியாத பணியும் இதுவே.