திமிரியும் பாரியும்

காவிரிக் கரையில், ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் இடையே, நரசிங்கம்பேட்டை என்றொரு சிற்றூர் இருக்கிறது. க்ஷேத்திர மகிமையால் யாத்திரிகர் தேடி வரும் ஊரன்று அது; ஆயினும் தமிழ்நாட்டில் கல்யாணப் பந்தலிலும் சுவாமி புறப்பாட்டிலும் ஒலிக்கும் நாதஸ்வரங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றுள் பல இவ்வூர் ஆசாரிமாரின் பட்டறையில் கடைந்தவையாகவோ, இவ்வூர் அளவைப் பின்பற்றி வேறிடத்தில் கடைந்தவையாகவோ இருக்கும். ஒரு காரியத்தை நன்றாகச் செய்கிறவனுக்கும் மகத்தாகச் செய்கிறவனுக்கும் என்ன பேதம் என்று கேட்பவர்கள், நீதி நூல்களைப் புரட்டுமுன் இந்த ஊரின் அண்மைக்காலச் சரித்திரத்தைச் சற்றே விசாரித்துப் பார்க்கலாம்.

நாதஸ்வரத்தின் உலவு, அதாவது நீண்ட குழல் பகுதி, ஆச்சா மரத்தில் கடையப்படுவது. புதிதாக வெட்டிய மரம் இதற்கு உதவாது. ஈரம் வற்றாத கட்டையைத் துளையிட்டால் நாளாவட்டத்தில் அது முறுக்கிக்கொள்ளும், சில சமயம் வெடித்தும் போகும், சுருதியும் நிலைகுலையும். ஆகையால், பழைய வீடுகளை இடிக்கும் இடங்களுக்குச் சென்று, தூணாகவும் உத்திரமாகவும் தலைமுறை தலைமுறையாக நின்று காய்ந்து இறுகிய மரத்தையே ஆசாரிமார் விலை பேசி வாங்கி வருவார்கள். மேலே குறுகியும் கீழே போகப் போக விரிந்தும் செல்லுமாறு உட்புறம் குடைந்து, விரல்களுக்கென ஏழு துளைகளும், அவற்றுக்குக் கீழே மெழுகால் அடைத்துச் சுருதியைக் கூட்டிக் குறைப்பதற்கென வேறு சில துளைகளும் இட்டு, அடியில் வாகை மரத்து அணசும், தலையில் உலோகக் கெண்டையும், அதன்மேல் நாணல் தட்டையால் ஆன சீவாளியும் பொருத்தினால் வாத்தியம் பூர்த்தியாகும். உட்துளையின் விரிவு ஓரிடத்தில் இம்மி பிசகினாலும், எத்தகைய வித்துவான் ஊதினாலும் அந்த ஸ்வரம் பேசாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்தில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டையான வகை. அதன் சுருதி நான்கு, ஐந்து கட்டை அளவுக்கு உயர்ந்தது. கோயில் வீதிகளில் தவில் முழங்க, தீவட்டிகள் சூழ, நாலு தெரு தாண்டியும் கேட்கும்படி மல்லாரி வாசிக்க வேண்டியவனுக்கு அந்தக் கூர்மையான நாதம் மிகவும் உபயோகமானது. அந்த மரபில் தோன்றிய மேதைகளுக்கும் குறைவில்லை. ரக்தி வாசிப்பதில் பெயர் பெற்ற செம்பொன்னார்கோயில் ராமசாமிப் பிள்ளையின் கீர்த்தி இன்றளவும் இசையுலகில் பேசப்படுகிறது.

எனினும் அந்த வாத்தியத்துக்கு இரண்டு வரம்புகள் இருந்தன. மிக உயர்ந்த சுருதியில், வாய்ப்பாட்டின் குழைவையும் மந்தர ஸ்தாயியின் கம்பீரத்தையும் முழுமையாகக் கொண்டுவருவது கடினம் என்பது ஒன்று. மத்திமத் துளை இயல்பாகப் பிரதி மத்திமத்தின் பக்கமே சாய்ந்து பேசும் என்பது மற்றொன்று. தோடி, காம்போதி, சங்கராபரணம் முதலான சுத்த மத்திம ராகங்களை வாசிக்கும்போது, துளையை விரலால் பாதி மூடியும், மூச்சைத் தளர்த்தியும், சீவாளியை உதட்டால் அடக்கியும் அந்த ஸ்வரத்தைக் கீழே இறக்கியாக வேண்டும். இவ்வாறு இறக்குவதையே ஒரு வித்தையாக அப்பியாசம் செய்து, அதில் வல்லவராகி, அந்த வல்லமைக்காகவே புகழப்பட்டவர்கள் பலர். அவர்களை நல்ல வித்துவான்கள் என்று சொல்வதில் யாருக்கும் ஆட்சேபம் இராது.

1898-இல் பிறந்த திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையும் அந்த வல்லமையைப் பூரணமாகப் பெற்றவரே. ஆனால் இளமையில் வாய்ப்பாட்டுப் பயிற்சி பெற்றிருந்த அவருடைய செவி, தாம் மனத்தில் பாடிப் பார்த்த ராகத்துக்கும் குழலில் வெளிப்பட்ட ராகத்துக்கும் இடையே இருந்த தூரத்தைச் சகித்துக்கொள்ளவில்லை. திமிரியை விடுத்து, ஏறத்தாழ இரண்டரை அடி நீளமும் இரண்டு, இரண்டரைக் கட்டைச் சுருதியும் உடைய பாரி நாதஸ்வரத்தை அவர் கைக்கொண்டார். அது லேசான காரியமன்று. குழல் நீண்டால் துளைகளுக்கு இடையே தூரம் கூடும், விரல்கள் அகல வேண்டும், மூச்சு அதிகம் செலவாகும், துரித காலப் பிருகாக்கள் சிக்கிக்கொள்ளும். தேர்ந்த வித்துவான் ஒருவர், புகழும் வந்த பிறகு, கைக்குப் பழகிய கருவியை ஒதுக்கிவிட்டுப் புதிய சிரமத்தை வலிய ஏற்றுக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. அவர் ஏற்றுக்கொண்டார், மணிக்கணக்காக அவர் வாசித்த தோடி ஆலாபனை அந்தச் சிரமத்தின் பலன்.

அவருடைய அதிருப்திக்கு மரத்தில் விடை கண்டவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. வித்துவான் கேட்டதும் ஆசாரி கடைந்து கொடுத்தார் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடக்கூடியதன்று அந்தக் காரியம். ஒரு துளையின் இடத்தை மாற்றினால் அடுத்த இரண்டு ஸ்வரங்கள் விலகும்; உட்குடைவை மாற்றினால் மேல் ஸ்தாயி கெடும். அத்தனையையும் சமன்செய்து, விரலை இயல்பாக எடுத்த மாத்திரத்தில் சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசும்படியான பாரி நாதஸ்வரத்தை ஆசாரி உருவாக்கினார். உதட்டின் தந்திரத்தால் ஒருவர் ஒரு சமயம் சாதித்தது, மரத்தின் அமைப்பிலேயே எல்லோருக்கும் எப்போதும் சித்திக்கும்படி ஆயிற்று.

ராஜரத்தினத்தின் அதிருப்தி குழலோடு நிற்கவில்லை. மேலாடையின்றி, அங்கவஸ்திரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றவாறே வாசிக்க வேண்டும் என்று நாதஸ்வரக்காரருக்குச் சமூகம் விதித்திருந்த வழக்கத்தை அவர் ஏற்க மறுத்தார். குடுமியை நீக்கிக் கிராப்பு வைத்துக்கொண்டார். மற்றச் சங்கீத வித்துவான்களைப் போல மேடையில் அமர்ந்து வாசிப்பது தம் உரிமை என்றார். சுருதிக்காக ஊதப்படும் ஒத்துக் குழலுக்குப் பதிலாகத் தம்புராச் சுருதியோடு வாசித்தார். 1947 ஆகஸ்டு 14 அன்று, திருவாவடுதுறை ஆதீனத்தின் செங்கோல் ஜவாஹர்லால் நேருவிடம் வழங்கப்பட்ட வைபவத்தில் தில்லியில் ஒலித்ததும் அவருடைய நாதஸ்வரமே.

அவரிடம் குறைகள் இல்லாமலில்லை. ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வாராமல் ரசிகர்களைக் காக்கவைத்த கதைகளும், வந்த பொருளைக் கண்மூடிச் செலவிட்ட கதைகளும் ஏராளம். ஒழுங்கு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், அவரைவிட நல்லவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். ஆனால், இருக்கும் வரம்புக்குள் தேர்ச்சி பெறுவது நன்மை என்றால், தேர்ச்சி பெற்ற பின்பும் அந்த வரம்பு நியாயமானதுதானா என்று கேட்டு, அதை அகற்றும் பாட்டைத் தாமே பட்டு, பலனைப் பின்வருவோர் அனைவருக்கும் விட்டுச் செல்வதே மகத்துவம். அந்தக் கணக்கில் வித்துவானும் ஆசாரியும் சமமான பெரியவர்கள்.

1956 டிசம்பரில் ராஜரத்தினம் பிள்ளை மறைந்தார். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம், 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ திரைப்படத்தின் மூலம் அந்த நாதத்தை இசை அறியாத பாமரர் வீட்டுக்கும் கொண்டுசேர்த்தார். இன்று கச்சேரி மேடைகளில் பாரியே ஆட்சி செலுத்துகிறது; திமிரியைக் காண்பது அரிது. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் அந்தத் தொழிலைக் கைவிடாமல் காத்துவரும் குடும்பங்கள் மிகச் சிலவே. அடுத்த முறை நல்லதொரு நாதஸ்வரக் கச்சேரியைக் கேட்டு மனம் நிறைந்தால், வாசித்தவருக்குப் பொன்னாடை போர்த்துவதோடு நின்றுவிடாமல், அந்தக் குழலைக் கடைந்த ஆசாரி யார் என்றும் விசாரித்து, அவருக்கும் ஒரு மரியாதை செய்யுங்கள்.