அமெரிக்க அரசியற்றிட்டமும் அதன் காவலரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆட்சிமுறையைக் கற்கப் புகும் மாணவர் முதலில் அறிவது, அங்கு அரசாங்க அதிகாரம் மூன்றாகப் பகுக்கப்பட்டுள்ளது என்பதாகும். சட்டம் இயற்றுவது காங்கிரஸ்; அதனை நிறைவேற்றுபவர் சனாதிபதி; வழக்குகளைத் தீர்ப்பன நீதிமன்றங்கள். இவ்வளவையும் விடைத்தாளில் எழுதியதும் வினா முடிந்தது என மாணவர் கருதுவர். ஆனால் இம்மூன்றனுள் ஒன்று தன் எல்லையைக் கடந்தால், கடந்தது என்று கூறும் உரிமை யாருக்கு உண்டு? கூறினால் அதற்குப் பணிவார் யார்? பகுப்பின் உயிர்நிலை இவ்விரு வினாக்களிலேயே தங்கியுள்ளது.

1787 ஆம் ஆண்டு மே மாதந் தொடக்கம் செப்டெம்பர் வரை பிலடெல்பியா நகரில் நடந்த மாநாட்டிற் பங்குபற்றிய பிரதிநிதிகள் 55 பேர். அவர்களை இரு அச்சங்கள் வருத்தின. 1781 இல் நடைமுறைக்கு வந்த கூட்டிணைப்பு உடன்படிக்கையின்கீழ்க் காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இருக்கவில்லை. பொருளுக்கு அது மாநிலங்களின் கையையே பார்த்திருந்தது. அத்தகைய வலுவற்ற அரசு நிலையாது என்பது ஓர் அச்சம். பிரித்தானிய முடியை எதிர்த்துப் பெற்ற விடுதலையை வலுமிக்க சொந்த அரசே பறித்துவிடக்கூடும் என்பது மற்றையது. ஆதலின் அவர்கள் அதிகாரத்தை வழங்கினர். வழங்கியதைப் பிரித்தும் வைத்தனர். காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டமூலத்தைச் சனாதிபதி மறுக்கலாம். அம்மறுப்பை இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் வெல்லலாம். நீதிபதிகளைச் சனாதிபதி தெரிவார். செனற் சபை அதற்கு இசைதல் வேண்டும். நியமனம் பெற்ற நீதிபதியோ நன்னடத்தை உள்ளவரை பதவி வகிப்பார். எனினும், காங்கிரஸ் இயற்றிய சட்டமொன்று அரசியற்றிட்டத்துக்கு முரணாயின் அதனை நீதிமன்றம் தள்ளிவிடலாமா என்பதை அவ்வாவணம் வெளிப்படையாகக் கூறவில்லை.

அவ்விடைவெளியை நிரப்பியது ஒரு சிறு பதவிபற்றிய வழக்காகும். 1801 மார்ச்சில், பதவி நீங்கவிருந்த சனாதிபதி யோன் அடம்ஸ் தம் கட்சியினர் பலரை அவசரமாக நீதிப் பதவிகளுக்கு நியமித்தார். கொலம்பியா மாவட்டத்துச் சமாதான நீதவானாக நியமனம் பெற்றவருள் வில்லியம் மார்பரியும் ஒருவர். அவருடைய நியமனப் பத்திரம் கையொப்பமும் முத்திரையும் பெற்றது. ஆனால் அவர் கைக்குச் சேரவில்லை. சேர்ப்பிக்கத் தவறியவர் அன்றைய இராசாங்கச் செயலாளர் யோன் மார்ஷல். அடுத்து வந்த சனாதிபதி தோமஸ் ஜெபர்சன் அதனைக் கொடாது தடுத்தார். மார்பரி, புதிய இராசாங்கச் செயலாளரான ஜேம்ஸ் மடிசன்மீது உயர் நீதிமன்றத்தில் நேரே வழக்குத் தொடுத்தார். வழக்கை விசாரித்த பிரதம நீதியரசர் அதே மார்ஷலே. பிரதிவாதியாகிய மடிசனோ, பிலடெல்பியாவில் அரசியற்றிட்டத்தை வகுப்பதில் முன்னின்றவர்.

பத்திரத்தைக் கொடுக்குமாறு ஆணையிட்டால் ஜெபர்சன் அதனைப் புறக்கணிக்கக்கூடும். ஆணையிடாது விட்டால் நீதிமன்றம் அஞ்சிற்று என்ற பழி சேரும். 1803 பெப்ரவரி 24 இல் மார்ஷல் அளித்த தீர்ப்பு இவ்விரண்டையும் தவிர்த்தது. பத்திரத்தைப் பெற மார்பரிக்கு உரிமையுண்டு. அதனைத் தடுத்தமை சட்டத்துக்கு மாறானது. ஆயினும் இவ்வகை வழக்கை உயர் நீதிமன்றத்திலேயே தொடங்கலாம் என்ற 1789 ஆம் ஆண்டுச் சட்டப்பிரிவு அரசியற்றிட்டத்துக்கு முரணாதலின் செல்லாது என்றார் அவர். மார்பரி பதவியை இழந்தார். ஜெபர்சனுக்கு மீறுவதற்கு ஓர் ஆணையும் கிடைக்கவில்லை. நீதிமன்றமோ, சட்டங்களை அரசியற்றிட்டத்தோடு ஒப்பிட்டுத் தள்ளும் அதிகாரத்தைத் தனதாக்கிக்கொண்டது.

காவலரும் தவறுவர். 1857 இல், அடிமையாயிருந்த ட்ரெட் ஸ்கொற் என்பார் தம் விடுதலை கோரிய வழக்கில், கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகளின் குடிகளாதல் இயலாது என்றும், ஆள்புலங்களில் அடிமைமுறையைத் தடுக்கக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்றும் அதே நீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பை அழிப்பதற்கு 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரும், 1865, 1868 ஆகிய ஆண்டுகளில் நிறைவேறிய இரு திருத்தங்களும் வேண்டியிருந்தன. இறுதிச்சொல் நீதிமன்றத்தினதன்று, அரசியற்றிட்டத்தைத் திருத்தவல்ல மக்களினதே என்பதை அந்நாடு பெருவிலை கொடுத்தே கற்றது.

இரண்டாம் வினா எஞ்சுகிறது. நீதிமன்றத்திடம் வாளுமில்லை, பொருளுமில்லை என்பதை அலெக்சாண்டர் ஹமில்டன் 1788 இலேயே எடுத்துக்காட்டினார். பாடசாலைகளில் இனப்பாகுபாடு கூடாதென 1954 இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் 1957 செப்டெம்பரில், ஆர்கன்சோ மாநிலத்து லிற்றில் றொக் நகரில், ஒன்பது கறுப்பின மாணவர் உயர்பாடசாலைக்குட் செல்வதை மாநில ஆளுநர் படைகொண்டு தடுத்தார். அம்மாணவர் வகுப்பறையை அடையச் சனாதிபதி ஐசனோவர் மத்திய அரசின் படையை அனுப்பவேண்டியதாயிற்று. இங்கு தீர்ப்புக்குத் துணைநின்றது சனாதிபதியின் வாள்.

சனாதிபதியே எதிர்நின்றால் எவ்வாறாகும்? 1974 ஜூலை 24 இல், வெள்ளை மாளிகையிற் பதிவான உரையாடல் ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு சனாதிபதி றிச்சேட் நிக்சனுக்கு எட்டு நீதியரசர்கள் ஒருமுகமாகக் கட்டளையிட்டனர். அவருள் மூவர் நிக்சனால் நியமிக்கப்பட்டவர்கள். முப்படைகளுக்கும் தலைவராயிருந்த நிக்சன் நாடாக்களை ஒப்படைத்தார். ஆகஸ்ட் 9 இல் பதவி துறந்தார்.

1803 இல் மார்ஷல் வெளியிடத் தயங்கிய ஆணையை 1974 இல் நீதிமன்றம் தயங்காது வெளியிட்டது. இடைப்பட்ட காலத்தில் அதற்குப் படை எதுவும் சேரவில்லை. தமக்கு மாறான தீர்ப்புக்கும் பணிதல் வேண்டும் என்ற வழக்கமே வலுப்பெற்றிருந்தது. அவ்வழக்கத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் காத்தல் வேண்டும். ஆட்சியின் மூன்று துறைகளையும் விடைத்தாளில் எழுதும் மாணவர் இதனையும் சேர்த்து எழுதுவாராக.