துரை அதிகாரமும் அதன் எல்லையும்: ரிங்லெட் தேயிலைத் தோட்டங்களை முன்வைத்து

1929இல் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் ரிங்லெட் பக்கத்தில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியபோது, மலாயாவில் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாக இறக்கும் முறை ஒழிந்து நெடுநாள் ஆகியிருந்தது. வேலையை விட்டு ஓடிப்போனால் சிறை என்ற விதியும் 1920களின் தொடக்கத்திலேயே போய்விட்டது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் யாரும் தோட்டத்தை விட்டுப் போகலாம். ஆகவே அக்காலத் தோட்ட அதிகாரத்தை அடிமை முறையின் மிச்சம் என்று சொல்லி முடித்துவிட முடியாது. சட்டத்தின் கண்ணில் சுதந்திரமான ஆட்கள்மேல் தோட்ட மேலாளரான ஒரு துரைக்கு இவ்வளவு பிடி எப்படிக் கிடைத்தது?

ஆட்சி முழுவதும் ஒரே கையில் குவிந்தால் குடிமக்களுக்குச் சுதந்திரம் இல்லை, அதிகாரத்தை இன்னோர் அதிகாரம்தான் தடுக்க முடியும் என்று மொந்தெஸ்கியூ 1748இல் வாதிட்டார். கொடுங்கோன்மைக்கு உதாரணம் தேடி அவர் கீழை நாட்டு அரசவைகளை நோக்கினார். ஐரோப்பியர் நடத்திய தோட்டங்களிலேயே அது கச்சிதமாக அமைந்தது என்பது வரலாற்றின் குறும்பு. விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். தோட்ட எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் போடுவார். தாமதமாக வந்தவருக்கு அன்று பேர் இல்லை, பேர் இல்லையென்றால் சம்பளம் இல்லை. குற்றம் சாட்டுவதும் விசாரிப்பதும் தண்டிப்பதும் அந்த ஒரு நிமிடத்திலேயே முடிந்துவிடும். லயத்து வீடு, டிரெஸ்ஸர் தரும் மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, திருவிழா லீவு எல்லாம் துரை பங்களாவின் கட்டுப்பாட்டில் இருந்தன. ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்த கங்காணிக்கு, வேலைக்கு இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு கிடைத்தது. உறவுமுறை சொல்லி அழைத்தவரே ஆட்களை ஓடவிடாமல் காப்பவராகவும் இருந்தார்.

ரிங்லெட்டில் நிலவியலும் துரைக்குத் துணை நின்றது. கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது; ஆனால் 1931இல் திறந்த சாலை பேராக்கின் தாப்பாவிலிருந்து ஏறியது. சிம்பாங் பூலாய்ச் சாலை வரும்வரை மலைக்கு முக்கிய வாசல் அதுதான். ஒரு மாத முன்னறிவிப்பு என்ற உரிமை, கீழே இறங்கிய பிறகு போக இடமும் கையில் காசும் உள்ளவருக்கே பயன்பட்டிருக்கும்.

துரைக்கு மேலே தடையே இல்லாமலும் இல்லை. 1922இல் இந்தியக் குடியேற்றச் சட்டம் வந்தது. அதன்பின் இந்திய அரசின் ஏஜெண்ட் மலாயாவில் அமர்ந்தார். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று முக்கிய வட்டாரங்களில் கூலி நிர்ணயமானது. பகாங்கின் உள்பகுதிக்கு 58, 46. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930இல் 50 காசு 40 ஆனது. 1936 இறுதியில் மலாயா வந்த சீனிவாச சாஸ்திரி பழைய கூலியைத் திருப்பித் தரச் சொன்னார். கொடுத்தார்கள், 1938இல் மறுபடி வெட்டினார்கள். அந்த ஜூன் மாதம் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தையே நிறுத்தியது. மலாயாவின் எந்தச் சட்டத்தையும்விட இந்தத் தடை துரைகளை அதிகம் கட்டுப்படுத்தியது என்பது என் கணிப்பு. போன ஆளுக்குப் பதில் புது ஆளை இறக்கும் வழி அடைபட்டுவிட்டதல்லவா?

அதன் பலன் 1941இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தெரிந்தது. ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு வேறு சிலவும் இருந்தன. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. பெண்களிடம் தகாத முறையில் நடக்கக் கூடாது. உறவினர் தோட்டத்துக்குள் வந்துபோகத் தடை கூடாது. கள்ளுக்கடையை மூட வேண்டும். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது, சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர். அதிகாரம் நழுவும் இடத்தில்தான் வன்முறை தலைகாட்டுகிறது என்று ஹன்னா ஆரென்ட் 1970இல் எழுதியதற்குக் கிள்ளான் முன்கூட்டியே சாட்சி. சைக்கிளிலிருந்து இறங்க மறுக்கும் ஆளை இறக்கத் துப்பாக்கி தேவைப்பட்டால், துரையின் வார்த்தைக்கு மதிப்புப் போயிற்று என்றுதான் பொருள்.

ஆனால் ஆரென்டின் கருத்து முழுக்கப் பொருந்தவில்லை. வன்முறையால் அதிகாரத்தைப் படைக்க முடியாது என்றார் அவர். 1948 ஜூனில் மலாயா முழுவதும் அவசரகாலம் வந்தது. தொழிற்சங்கச் சம்மேளனம் கலைக்கப்பட்டது. அதன் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். தோட்டங்களில் சிறப்புக் காவலர்கள் துப்பாக்கியோடு நின்றார்கள். அந்த வெற்றிடத்தில்தான் 1954இல் பி. பி. நாராயணன் தலைமையில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. முதலாளிகளோடு மேசையில் பேசும் சங்கம் அது. தூக்குமேடை அந்த மேசையில் யார் உட்காரலாம் என்பதைத் தீர்மானித்துவிட்டது.

பிறகு சட்டங்கள் பெருகின. 1955இல் வேலைச் சட்டம், 1966இல் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம். வீட்டுச் சட்டம் கூரை, தண்ணீர், கழிப்பறை பற்றிப் பேசியது. வேலை போன பிறகும் அந்த வீட்டில் இருக்கும் உரிமையைத் தரவில்லை. ரிங்லெட் வட்டாரத் தமிழர்களில் பலர் காய்கறித் தோட்டம், கடை, நகர வேலை என்று நகர்ந்துவிட்டார்கள். இன்று கொழுந்து பறிப்போரில் பலர் வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களின் கடப்பிதழை முதலாளி பிடித்து வைத்திருப்பது 1966 கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். ஆனால் அவர்களுடைய வேலை அனுமதி ஒரு முதலாளியின் பேரில்தான் வருகிறது. அவரை விட்டு விலகினால் நாட்டில் தங்கும் உரிமையும் போய்விடும். 1929இல் வந்தவர்களுக்கு அந்த ஒரு மாத முன்னறிவிப்பாவது இருந்தது.