சிறுவர் நூல்களும் தமிழறிந்த நூலகரும்

ஆண்டுதோறும் செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் புத்தகக் கண்காட்சி களைகட்டுகின்றது. அதன் சந்தடி அடங்குவதற்குள் ஒக்டோபர் பிறந்து, பாடசாலைகளிலும் பொது நூலகங்களிலும் தேசிய வாசிப்பு மாதம் அனுஷ்டிக்கப்படுகின்றது. கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி, பரிசளிப்பு என நிகழ்வுகளுக்குக் குறைவில்லை. ஆனால், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வாழும் எட்டு வயதுப் பிள்ளையொன்று, தனது மொழியில் தனது வயதுக்கேற்ற நூலொன்றை நூலகத் தட்டிலிருந்து தானே தெரிந்தெடுத்துச் செல்ல வழியுண்டா என்ற கேள்வியை அந்த மாதத்திலேனும் நாம் கேட்டாக வேண்டும்.

இது சலுகை கோரும் கேள்வியன்று. 1991ஆம் ஆண்டில் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை, சிறுவர் நூல்களின் ஆக்கத்தையும் விநியோகத்தையும் ஊக்குவிக்குமாறு அரசுகளைக் கேட்கின்றது. சிறுபான்மைச் சமூகப் பிள்ளைகளின் மொழித் தேவையை ஊடகங்கள் கவனத்திற் கொள்ளத் தூண்டுமாறும் அதே உறுப்புரை கூறுகின்றது.

இத்துறையில் எமக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களைப் பாடி வளர்ந்த தலைமுறைகள் பல. நூலக இயல் விதிகள் ஐந்தை 1931இல் வகுத்தளித்த சீர்காழி எஸ்.ஆர். இரங்கநாதனின் ஆலோசனையும் பெற்று எழுந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1959இல் திறக்கப்பட்டது. அங்கு சிறுவருக்கெனத் தனிப் பகுதி 1967இல் ஆரம்பிக்கப்பட்டது. 1981இல் சுமார் 97 ஆயிரம் நூல்களுடன் அந்நூலகம் எரியூட்டப்பட்டபோது இழந்த ஓலைச் சுவடிகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கின்றோம். அங்கிருந்த சிறுவர் பகுதியைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

கொழும்புப் பொது நூலகத்தின் வரலாறு 1925இல் தொடங்குகின்றது. விகாரமகாதேவி பூங்காவை அண்டிய இன்றைய கட்டடம் 1980இல் திறக்கப்பட்டது. மும்மொழி வாசகருக்கும் உரிய அந்நூலகத்திலும், மாநகர சபையின் ஏனைய நூலகங்களிலும் தமிழ்ச் சிறுவர் நூல்களைச் சேர்ப்பதென்றால் பெரும்பாலும் சென்னைப் பதிப்புகளையே நாட வேண்டியுள்ளது. அவற்றிற் சிறந்தவை பல உண்டு. எனினும், எமது பிள்ளை கதிரை என்று அறிந்தது அங்கே நாற்காலியாகின்றது, கொப்பி நோட்டாகின்றது, காலையில் உண்ணும் பாண் கதைகளில் வருவதேயில்லை. உம்மா, வாப்பா என்று அழைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கு, தன் வீட்டுப் பேச்சு அச்சில் வரக்கூடியதே அன்று என்ற எண்ணம் வெகு சீக்கிரத்தில் உண்டாகிவிடும்.

நூல் வந்து சேர்ந்த பின்னரும் சிக்கல் தீர்வதில்லை. எமது பொது நூலகங்கள் பின்பற்றும் டூயி தசம வகுப்பு முறை 1876இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் கிறிஸ்தவம் 220 முதல் 280 வரையான பகுதிகளை எடுத்துக்கொள்ள, இஸ்லாம் 297 என்ற ஒரே எண்ணுக்குள் அடங்குகின்றது. இந்து சமயத்துக்கு 294.5. தமிழ் இலக்கியம் 894.811 என்ற நீண்ட எண்ணின் கீழ் வருகின்றது. இம்முறையை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தால் பிள்ளைகளுக்கான இராமாயணக் கதை ஒரு தட்டிலும், நபிமார் வரலாறு வேறொரு தட்டிலும், பாட்டுப் புத்தகம் அறையின் மறுகோடியிலும் போய் அமரும். கதை தேடும் பிள்ளைக்குத் தசமப் புள்ளியால் ஆவதென்ன? அநுபவமிக்க சிறுவர் நூலகர்கள் வயதையும் எழுத்தின் பருமனையும் கொண்டே தட்டுகளை ஒழுங்கு செய்வர்.

பெயர்களும் அவ்வாறே. குடும்பப் பெயரை முன்னிறுத்தும் மேலைநாட்டுப் பட்டியல் முறை, தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சூடும் எமது வழக்கத்துக்குப் பொருந்துவதில்லை. ஸுபைர், சுபைர், ஜுபைர் என மூவிதமாக எழுதப்படும் ஒரே எழுத்தாளர் பட்டியலில் மூவராகிவிடுவார். தமிழறியாத அலுவலர் இதனைத் திருத்த முடியாது. அது அவருடைய குற்றமுமன்று. 1960இல் தோன்றிய இலங்கை நூலகச் சங்கத்தின் பயிற்சி நெறிகளில் சிறுவர் நூலகப் பணிக்கும் தமிழ் நூற்பட்டியலாக்கத்துக்கும் கூடுதல் இடம் வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

விலை வேறு அச்சுறுத்துகின்றது. 2022இல் தாளின்றிப் பரீட்சைகளையே ஒத்திவைத்த நாடு இது. 2024 ஜனவரியில் நூல்களும் 18 வீத பெறுமதி சேர் வரிக்குள் கொண்டுவரப்பட்டன. வண்ணப் படங்களுடன் சில நூறு பிரதிகள் மாத்திரம் அச்சிடும் தமிழ்ப் பதிப்பாளர், நூலகங்களின் கொள்வனவு உறுதியில்லாமல் சிறுவர் நூலில் கைவைக்கத் தயங்குவது இயல்பே.

எந்த நூலை வாங்குவது என்று தெரியவில்லை என்ற சாட்டு இனிச் செல்லாது. நூலகவியலாளர் என். செல்வராஜா 2002 முதல் தொகுதிக்கு ஆயிரம் நூல்களாகப் பதிவு செய்துவரும் 'நூல்தேட்டம்' இருக்கின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் ஈழத்துப் பழைய வெளியீடுகளை இலவசமாகவே பார்வையிடலாம். இவ்விரண்டையும் முன்வைத்து, தமிழ், முஸ்லிம் ஆசிரியர்கள் சிலரின் துணையுடன் இலங்கைச் சிறுவர் நூல்களின் கொள்வனவுப் பட்டியலொன்றைக் கொழும்பு மாநகர சபை தயாரிக்கலாம். 1942இல் ஸ்தாபிக்கப்பட்டு வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் நூலகத்துடன் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் இதற்குக் கைகொடுக்கத்தக்க நிறுவனமாகும். வட கொழும்புப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் வந்துபோவது கடினம். ஆகவே, கொட்டாஞ்சேனையிலேயே வார இறுதியில் கதை சொல்லித் தரவும் நூல் இரவல் வழங்கவும் தமிழறிந்த ஒருவரை அமர்த்துவது, அடுத்த ஒக்டோபருக்கு முன்னர் செய்து முடிக்கக்கூடிய காரியமே.