எலும்பின் ஓரத்தைத் தெளிவாக்கிய கணக்கு

1/ சிவகாசிப் பக்கம் பட்டாசு வெடிச்சு ஒருத்தர் கை எலும்பு நொறுங்கினா, எக்ஸ்ரேயில துண்டுகள் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்து தெரியும். எதைச் சேர்க்கலாம்னு சர்ஜன் முடிவெடுக்க, சிடி ஸ்கேன் ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் காட்டணும்.

2/ சிடி பல கோணங்களில் நிழல்களை எடுக்கும். அவற்றை அப்படியே சேர்த்தால் படம் மங்கிவிடும்.

3/ 1971-இல் ஜி.என்.ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் எளிய வழி சொன்னாங்க: ஒவ்வொரு நிழலையும் முதலில் கணக்கால் வடிகட்டிக் கூர்மையாக்கணும், அப்புறம் சேர்க்கணும். கணினிக்கும் வேலை மிச்சம். அந்த வடிகட்டிக்கு இன்றும் 'ராம்-லாக்' என்றுதான் பெயர்.

4/ 1979-இல் சிடிக்கான நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மாக்குக்கும் போனது. ராமச்சந்திரன்? எலும்பின் முக்கியப் புரதமான கொலாஜனின் மூவிழை அமைப்பை 1954-லேயே சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து சொன்னவர்.

எலும்பு எதால ஆனது, அதை எப்படிப் பார்க்கிறது: ரெண்டிலயும் அவர் கை இருக்கு.